சட்டத்துக்கு நாற்று விடுகிறவர்கள்

மாதத்துக்கு ஒரு தடவை புன்னைக்காயல் போய் வருவது எனக்கு வழக்கம். மீன் அமிலம் போட மீன் கழிவு அங்கேதான் வாங்குகிறேன். ஆத்தூர்ப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை, கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். கழிவுக்குச் சரி எடை வெல்லம் சேர்த்து, வாய் இறுக்கி மூடி, 21 நாள் வைத்துவிட்டால் போதும். டேங்குக்கு நூறு மில்லி கலந்து அடித்தால் வாழை இலை பச்சைப் பசேல் என்று நிற்கும். கடலும் வயலும் சேர்ந்துதான் பிழைக்க முடியும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த மீன் அமிலம்தான்.

போன தடவை போனபோது, எனக்குக் கழிவு எடுத்து வைக்கிற மீனவ நண்பர் வலையை உலர்த்திக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 2021இல எங்களுக்கு ஒரு மீன்வள மசோதான்னாங்க. ஒங்களுக்கு மூணு வேளாண் சட்டம்னாங்க. நாம யாரும் கேக்கல. நம்ம எம்.எல்.ஏ.வும் கேக்கல. அப்ப இதயெல்லாம் யாரு எழுதுதா?"

"கட்சிக்காரங்க, அதிகாரிங்க. அவங்களுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கதுக்குன்னு சில அமைப்புங்க இருக்கு. திங்க் டேங்க்னு சொல்லுவாங்க" என்றேன்.

"டேங்கா? தண்ணி டேங்கா?"

சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி சிரிப்பான கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்தும் அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நாற்றங்கால் வேறு, வயல் வேறு

நாம் வயலில் நாற்று நடுகிறோம். அந்த நாற்று அன்றைக்கு அங்கே முளைத்தது இல்லை. இருபது, இருபத்தைந்து நாளைக்கு முன்னால் எங்கோ ஓரமாக ஒரு நாற்றங்காலில் முளைத்தது. விதை யாருடையது, என்ன ரகம் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிட்டது. நடவு அன்று வந்து "இது என்ன ரகம்?" என்று கேட்டால் ரொம்பத் தாமதம்.

சட்டமும் அப்படித்தான். சட்டமன்றம் என்பது வயல். நாற்றங்கால் வேறு எங்கோ இருக்கிறது. அதற்குத் தமிழில் சிந்தனைக் குழாம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொள்கை ஆய்வு மையம் என்றும் சொல்வார்கள். அவர்கள் தேர்தலில் நிற்க மாட்டார்கள், ஓட்டுக் கேட்க மாட்டார்கள். ஆய்வறிக்கை எழுதுவார்கள். பத்திரிகையில் கட்டுரை எழுதுவார்கள். கருத்தரங்கு நடத்துவார்கள். சில இடங்களில் சட்டத்தின் வாசகத்தையே எழுதிக் கையில் கொடுப்பார்கள்.

இதில் இடதுசாரி உண்டு, வலதுசாரி உண்டு, நடுவில் நிற்பதும் உண்டு. பழமைவாத, வலதுசாரிக் குழாம்கள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலும் இரண்டு மாடுகள் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஒரு மாடு சந்தை: அரசு விலகி நிற்கட்டும், தனியார் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொரு மாடு மரபு: மதம், பண்பாடு, பழைய ஒழுங்கு. சில குழாம்களில் ஒரு மாடு மட்டும் இழுக்கும். சிலவற்றில் இரண்டும் இழுக்கும்.

பிராய்லர் கோழியும் சிந்தனைக் குழாமும்

இந்த வியாபாரம் பெரிதாக வளர்ந்த கதையில் ஒரு பண்ணைக்காரர் இருக்கிறார். ஆன்டனி ஃபிஷர் என்ற ஆங்கிலேயர். 1945இல் ஃபிரெட்ரிக் ஹாயெக் என்ற பொருளாதார அறிஞரின் புத்தகச் சுருக்கத்தை ஒரு மாத இதழில் படித்தார். நேரே லண்டனுக்குப் போய் அவரைப் பார்த்தார். "நான் அரசியலுக்கு வரலாமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம். அரசியல்வாதி பின்னால்தான் வருவான். முதலில் படித்தவர்களின் மனதை மாற்று" என்கிற பொருளில் ஹாயெக் அறிவுரை சொல்லி அனுப்பினார்.

ஃபிஷர் 1952இல் அமெரிக்கா போனார். அங்கே கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் கோழி அடைத்து வளர்ப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பி பக்ஸ்டெட் என்ற பெயரில் பிராய்லர் தொழில் தொடங்கினார். பிரிட்டனில் தொழிற்சாலைக் கோழியைப் பரவலாக்கியவர் அவர்தான். அந்த வருமானத்தின் துணையோடு 1955இல் பொருளாதார விவகார நிறுவனம் என்ற குழாமை லண்டனில் தொடங்கினார். இருபத்து நாலு வருஷம் அது சிறு நூல்களாக அச்சடித்துக்கொண்டே இருந்தது. 1979இல் மார்கரெட் தாட்சர் பிரதமரானபோது, அவர் பேசிய பொருளாதாரத்தில் பெரும்பகுதி அந்தச் சிறு நூல்களில் ஏற்கெனவே இருந்தது. 1981இல் ஃபிஷர் அட்லஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். இப்போது உலகம் முழுக்கச் சுமார் 500 குழாம்கள் அந்த வலையில் இருக்கின்றன.

நடுவில் அவர் கேமன் தீவில் கடலாமைப் பண்ணை வைத்துப் பணத்தை இழந்தார் என்பது கிளைக்கதை. அதைச் சொன்னதும் என் மீனவ நண்பர், "ஆமையில விட்டத அட்லஸ்ல புடிச்சிட்டாரு" என்றார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அவசரம் இல்லாதவர்கள் அவர்கள். இன்று விதைத்தால் இருபத்தைந்து வருஷம் கழித்து அறுக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். நாமோ சட்டம் வந்த மறுநாள்தான் மறியலுக்குக் கிளம்புகிறோம்.

முகத்துவாரம் நகரும்

அமெரிக்காவில் தேசிய அளவில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் குழாம்கள் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் 1987இல் மேக்கினா மையம் என்று ஒன்று தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஜோசப் ஓவர்டன் ஒரு கருத்தைச் சொன்னார். எந்தக் காலத்திலும் மக்கள் ஏற்கக்கூடிய கொள்கைகள் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்தான் இருக்கும். அரசியல்வாதி அந்த எல்லைக்குள்தான் ஓட முடியும். ஆகவே அரசியல்வாதியைப் பிடித்து இழுக்காதே, அந்த எல்லையை நகர்த்து என்பது அதன் சாரம். அவர் அதை ஜன்னல் என்று சொன்னார்.

புன்னைக்காயல்காரருக்கு ஜன்னல் வேண்டாம், முகத்துவாரம் போதும். தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. மணல் திட்டு விழுந்து வாய் இடம் மாறும். திறமையான படகோட்டி என்றாலும் வாய் திறந்திருக்கிற இடத்தில்தான் படகை விட முடியும். சிந்தனைக் குழாம் படகை ஓட்டுவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கிறது. காலையில் பார்த்தால் வாய் வேறு பக்கம் திறந்திருக்கும். எல்லாப் படகும், எந்தக் கொடி கட்டிய படகாக இருந்தாலும், அந்த வழியாகத்தான் போகும்.

மிச்சிகன் தொழிற்சங்கங்களுக்குப் பேர்போன மாநிலம். அங்கேயே 2012 டிசம்பரில் சங்கச் சந்தா கட்டாயம் இல்லை என்ற சட்டம் வந்தது. அதற்காக அந்த மையம் இருபது வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தது. 1973இல் தொடங்கிய ஏலெக் என்ற இன்னொரு அமைப்பில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் கம்பெனிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாதிரிச் சட்டங்கள் எழுதுகிறார்கள். ஊர் பெயரை மட்டும் மாற்றி உறுப்பினர்கள் அவற்றைத் தங்கள் மாநிலத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

நம்ம ஊர் நட்சத்திரம்

"இதெல்லாம் அமெரிக்காக் கதை, தமிழ்நாட்டில ஏது?" என்று கேட்பீர்கள். இருந்தது. அதுவும் விவசாயத்தை வைத்தே இருந்தது.

1956இல் பம்பாயில் ஏ.டி. ஷிராஃப் போன்ற தொழில் துறையினர் சுதந்திரத் தொழில் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை என்ன? சொற்பொழிவு, சிறு நூல், பத்திரிகைக் கட்டுரை. அதே 1956இல் சென்னையில் காசா சுப்பாராவ் ஆசிரியராக இருக்க, ராஜாஜியின் ஆசியோடு 'சுவராஜ்யா' என்ற ஆங்கில வார இதழ் வந்தது. நேருவின் திட்டமிட்ட பொருளாதாரத்துக்கு எதிரான வாதங்கள் வாரா வாரம் அதில் வந்தன. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி கிண்டல் செய்தது அந்தக் காலம்தான். இன்னொரு பக்கம், 1958இல் நிலம் உள்ளவர்களின் அகில இந்திய விவசாயிகள் சம்மேளனம் உருவானது.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. நில உச்சவரம்பு வேண்டும், நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையாக உழ வேண்டும் என்றது. நிலத்தின் உரிமை அவரவருக்கே இருக்கும் என்றுதான் தீர்மானம் சொன்னது. ஆனாலும் "என் நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ" என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது. அது பெரிய பண்ணையாருக்கு மட்டும் வந்த பயம் இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருந்தவனுக்கும் வந்தது. காங்கிரசுக்குள்ளேயே சரண் சிங் எதிர்த்தார்.

நாற்றங்கால் தயாராக இருந்தது. மழையும் பெய்துவிட்டது. 1959 ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினூ மசானி முன்னால் நின்றார்கள். தொழில் மன்றத்துக்காரர்களும் விவசாயிகள் சம்மேளனத்துக்காரர்களும் கூட வந்தார்கள். சின்னம் நட்சத்திரம். 1962இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 6 இடம். 1967இல் அண்ணா தலைமையிலான கூட்டணியில் சேர்ந்து 20 இடம். அந்தத் தேர்தலில் திருநெல்வேலி, திருச்செந்தூர் இரண்டு மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது சுதந்திராக் கட்சிதான். நம்ம கடற்கரை நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட்டது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இதை நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. நாக்பூர்த் தீர்மானம் நடைமுறைக்கே வரவில்லை. மேலிருந்து திணித்த கூட்டுப் பண்ணை சில நாடுகளில் என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். அந்த அளவில் எதிர்ப்பு நியாயம். ஆனால் அந்த எதிர்ப்பு உச்சவரம்பையும் சேர்த்து எதிர்த்தது. சென்னை மாநிலத்தில் 1961இல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்தது. 1970இல்தான் 15ஆகக் குறைந்தது. அறக்கட்டளை, விதிவிலக்கு என்று ஓட்டைகள் வேறு. சிறு விவசாயியின் பயத்தை முன்னால் நிறுத்தி, பெரிய விவசாயியின் நிலம் பின்னால் காப்பாற்றப்பட்டது. இந்த வித்தையைக் கவனியுங்கள். பிறகும் வரும்.

ராஜாஜியையும் ஒரே நிறத்தில் பார்க்க முடியாது. 1952இல் முதல்வராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். அதே வருஷம் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். 1971இல் கட்சி மறுபடி 6 இடத்துக்குச் சுருங்கியது. 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி காலமானார். 1974இல் கட்சியே வேறு கட்சியோடு கரைந்துவிட்டது. கட்சி போனது. கருத்து போகவில்லை. 1991இல் காங்கிரஸ் அரசே உரிமம், அனுமதி முறைகளைத் தளர்த்தியபோது, அதில் பாதிக்கு மேல் முப்பது வருஷத்துக்கு முன்னால் 'சுவராஜ்யா'வில் எழுதப்பட்ட வாதங்கள்தான்.

சென்னையில் இன்னொரு நாற்றங்கால்

இரண்டாவது மாட்டுக்கு வருவோம். மரபு.

1990இல் சென்னையில் கொள்கை ஆய்வு மையம் தொடங்கியது. ஜே.கே. பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் அதை நடத்தினார்கள். 1974இல் தாட்சர் கூட்டாளிகள் லண்டனில் தொடங்கிய மையத்துக்கும் இதே பெயர்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காந்தியர் தரம்பால் தேடி எடுத்த செங்கல்பட்டு ஆவணங்களை வைத்துச் சென்னை மையம் வேலை செய்தது. 1760களிலும் 70களிலும் தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் கணக்கை எடுத்தார். ஊர்க் கணக்கர்களின் ஓலைகளும் கிடைத்தன. ஏரி எத்தனை, வீடு எத்தனை, விளைச்சல் எவ்வளவு, அதில் தச்சருக்கு, கொல்லருக்கு, ஏரி மராமத்துக்கு, கோயிலுக்கு என்று களத்திலேயே அளந்து விட்ட பங்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1996இல் 'அன்னம் பஹு குர்வீத' என்ற நூலை இந்த மையம் வெளியிட்டது. உணவைப் பெருக்கு, பகிர்ந்துகொடு என்பது அதன் செய்தி.

உரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர் பட்டினி கிடந்தார்கள் என்று விரிவாக்க அதிகாரி சொன்னபோதெல்லாம் நம் இயக்கத் தோழர்கள் பலர் பதிலுக்குக் காட்டியது செங்கல்பட்டுக் கணக்கைத்தான். அந்த உதவியை நான் மறுக்கமாட்டேன். அந்தக் கணக்கில் யார் சேற்றில் நின்றார்கள், யார் மிராசு அனுபவித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து. பழைய களத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. எல்லாருக்கும் ஒரே மரியாதை இல்லை.

அதே மையம் 2003இல் இந்தியாவின் மதவாரி மக்கள்தொகை பற்றி ஒரு நூல் வெளியிட்டது. அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி முன்னுரை எழுதினார். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, கோட்டை அப்படியே நீட்டினால், இந்த நூற்றாண்டிலேயே 'இந்திய மதத்தினர்' சிறுபான்மை ஆவார்கள் என்று அது கணக்குப் போட்டது. பிறகு அந்தக் கருத்து எத்தனை மேடைகளில் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். உண்மை நிலவரம் என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 1992-93இல் 4.4 குழந்தை, 2019-21இல் 2.4க்கும் கீழே. எல்லா மதத்திலும் கோடு இறங்குகிறது. இறங்குகிற கோட்டை நீட்டாமல் பழைய கோட்டை நீட்டினால் எந்தப் பயத்தையும் விளைவிக்கலாம்.

புன்னைக்காயலில் மாதா கோயில். பக்கத்துக் காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்கள். திருச்செந்தூரில் முருகன். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தாமிரபரணி மதம் பார்த்து ஏறவில்லை. இந்தக் கரையில் பயத்தை விதைத்தால் முதலில் அழுகுவது எங்கள் வேர்தான். ஒரே நாற்றங்காலில் நல்ல நாற்றும் இருக்கும், நெல் மாதிரியே தெரிகிற களையும் இருக்கும். பிடுங்கும்போது கண் வேண்டும்.

ஒப்பந்தம் வந்த வழி

இனி நம் வீட்டு வாசல். என் சித்தப்பா மகன் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வங்கிக் கடன் வாங்கி 5,000 குஞ்சு பிடிக்கிற பிராய்லர் கொட்டகை போட்டான். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், ராத்திரி முழிப்பு இவனுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. முதல் நாலு பேட்ச் நன்றாகப் போனது. பிறகு எடை குறைவு, இறப்பு அதிகம் என்று கூலியைப் பிடித்தார்கள். இவன் எதிர்த்துக் கேட்டான். அடுத்த பேட்ச் குஞ்சு வரவே இல்லை. ஒப்பந்தத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தான். பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். "குஞ்சு இறக்குவது நிறுவனத்தின் விருப்பம்" என்ற வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்து இவனுடையது. கொட்டகை இப்போது உமி மூட்டை அடுக்குகிற இடம். கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இப்படி ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோதுதான், 2018 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், கால்நடையையும் சேர்த்து, ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் நிறைவேற்றியது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாதிரியைப் பின்பற்றிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான் என்று பெருமையாக அறிவித்தார்கள். முன்கூட்டியே விலை நிச்சயம் என்பது சொல்லப்பட்ட காரணம். என் தம்பிக்கும் விலை நிச்சயமாகத்தான் இருந்தது. குஞ்சுதான் நிச்சயமாக இல்லை.

2020 ஜூன் 5 அன்று மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. அதில் ஒப்பந்தச் சட்டப்படி தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம்தான் போக வேண்டும். டெல்லி எல்லையில் போராட்டம் நடந்தபோது, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாலு பேர் குழு போட்டது. அதில் அசோக் குலாட்டி டெல்லியில் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர். அந்தச் சட்டங்களை ஆதரித்து ஏற்கெனவே பத்திரிகையில் எழுதியவர். அனில் கன்வட், சரத் ஜோஷி தொடங்கிய சேத்கரி சங்கடனாவின் தலைவர். சரத் ஜோஷி 1994இல் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திர பாரதக் கட்சி. 1959இல் சென்னையில் விட்ட நாற்று 2021இல் டெல்லியில் கதிர் விட்டதைப் பாருங்கள்.

இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள், விலைபோனவர்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தை திறந்தால் விவசாயி பிழைப்பான் என்று மனதார நம்புகிறவர்கள் அவர்களில் உண்டு. வியாபாரிகளின் பிடியில் விவசாயி மாட்டியிருப்பதும் உண்மை. கேள்வி வேறு. அந்த மேசையில் என் தம்பி ஏன் இல்லை? கொட்டகை வைத்தவன், குத்தகைக்கு உழுகிறவன், களை எடுக்கிற பெண், வலை இழுக்கிறவர் யாரும் ஏன் இல்லை?

2021 ஆகஸ்ட் 28 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மத்தியச் சட்டங்களையும் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. நல்லது. ஆனால் அந்தத் தீர்மானம் மத்தியச் சட்டங்களைப் பற்றியது. 2019 மாநிலச் சட்டத்தைப் பற்றியது இல்லை. 2023 ஏப்ரலில் அதே சட்டமன்றம், சிறப்புத் திட்டங்களுக்காக நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நீர்நிலையோடு சேர்ந்த நிலத்தைக்கூடப் பெரிய திட்டத்துக்குக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் என்று நம் அமைப்புகள் எதிர்த்தன. கொடி மாறியது. படகு போன வாய் மாறவில்லை. முகத்துவாரம் நகர்ந்துவிட்டால் அப்படித்தான்.

நமக்கு நாற்றங்கால் எங்கே?

நம்மாழ்வார் ஐயா 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மானாவாரி விவசாயிக்கு உதவாத ஆராய்ச்சி யாருக்காக என்று கேட்டு வெளியே வந்தார். அந்தக் கேள்வியைத்தான் நாம் சட்டத்துக்கும் கேட்க வேண்டும். ஒரு புது மசோதா, ஒரு கொள்கை அறிக்கை காதில் விழுந்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஒன்று: இதை முதலில் எழுதியது யார்? மாதிரிச் சட்டமா, குழு அறிக்கையா, எந்த வருஷம்?

இரண்டு: எழுதியவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வெளிப்படையாகச் சொல்கிறார்களா?

மூன்று: யாருடைய பயத்தை முன்னால் நிறுத்துகிறார்கள், யாருடைய சொத்து பின்னால் நிற்கிறது?

நான்கு: கணக்கு எந்த வருஷத்தது? கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஐந்து: தகராறு வந்தால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன்? அங்கே தமிழில் பேச முடியுமா?

இந்த ஐந்தையும் இடதுசாரி அறிக்கைக்கும் கேளுங்கள், பழமைவாத அறிக்கைக்கும் கேளுங்கள், நம் இயக்கம் எழுதுகிற துண்டறிக்கைக்கும் கேளுங்கள். நமக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டாம்.

அடுத்தது, காத்திருக்காமல் நாமே நாற்று விட வேண்டும். நம்மிடம் கட்டடம் இல்லை, பணம் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு சபையிலும் ஒரே ஒரு சட்டத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்தம் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். உங்கள் ஊர் விளைச்சல், செலவு, விற்ற விலை, பிடித்த கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் பேசுகிற செங்கல்பட்டுக் கணக்கு, ஊர்க் கணக்கர் எழுதி வைத்த ஓலைதானே? எழுதி வைத்தவன் பேச்சுத்தான் கடைசியில் சபையில் ஏறுகிறது.

என் தம்பியின் பதினோரு பக்கத்தையும் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரை வைத்துத் தமிழில் எழுதி வாங்கியிருக்கிறோம். அடுத்த கிராம சபையில் வாசிக்கப்போகிறோம். கொட்டகை போட நினைக்கிற வேறு மூன்று பையன்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது புன்னைக்காயல் அண்ணாச்சி கழிவுக் கேனை என் வண்டியில் ஏற்றிக் கட்டினார்.

"அப்ப எங்க மீன்வள மசோதாவும் திரும்ப வரும்ங்கீயளா?"

"வேற பேருல வரலாம் அண்ணாச்சி."

"அப்ப அந்தத் தமிழ்ல எழுதுத வாத்தியார எங்க பக்கமும் ஒரு நாள் கூட்டியாங்க" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். எப்படியும் கொடிக்காலுக்கு மீன் கழிவு எடுக்க வேண்டும்.